ஐம்பது வயசுக்கு வெளிநாடு: ஆறு தோழிகளை ஒரே விமானத்தில் ஏற்றுவது எப்படி

அறுபது வந்தால் குடும்பம் கையில் எடுத்துக்கொள்ளும். திருக்கடையூரா, மண்டபமா, யாருக்கு என்ன புடவை என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு மணையில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற வேலை மட்டும்தான். ஐம்பதை அப்படி யாரும் கண்டுகொள்வதில்லை. அதனால் ஐம்பது நமக்கு என்று எங்கள் ஹாஸ்டல் கூட்டம் எப்போதோ பேசி வைத்திருந்தது. மதுரையில் ஒரே விடுதியில் மூன்று வருடம் இருந்தவர்கள். இப்போது சென்னையில் நான்கு பேர், கோவையில் ஒருத்தி, பெங்களூரில் ஒருத்தி. முதலில் ஐம்பதைத் தொடுகிறவளுக்காக 2025 ஜனவரியில் மலேசியாவில் இருக்கும் பினாங்கு போய் ஐந்து ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து “எப்படிடி ஆறு பேரும் ஒண்ணாப் போனீங்க?” என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் அரை அரை மணி நேரம் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே போட்டுவிடுகிறேன்.

முதலில் பணம், அப்புறம்தான் ஊர்

எல்லோரும் எந்த ஊர் என்பதில்தான் ஆரம்பிப்பார்கள். பாலி, பாரிஸ், துபாய் என்று குரூப்பில் படம் படமாக வந்து விழும், ஒரு வாரம் ஒரே கும்மாளமாக இருக்கும், பிறகு யாரோ ஒருத்தி “கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்” என்பாள், அதோடு அந்தப் பயணம் செத்துப்போகும். எங்களுக்கே நாற்பதாவது பிறந்தநாளின்போது அப்படித்தான் நடந்தது.

இந்த முறை 2023 ஜூனில், அதாவது ஒன்றரை வருடம் முன்பே, நான் குரூப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: மாதம் ஐயாயிரம் கட்ட யாரால் முடியும்? அதுவரை “நான் ரெடி” என்று கை தூக்கியவர்கள் பதினொரு பேர். இந்தக் கேள்விக்குப் பிறகு ஆறு. அந்த ஆறு பேர்தான் கடைசியில் விமானம் ஏறினோம், ஒருத்திகூடக் குறையவில்லை.

சீட்டு பிடிக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு பேர் பணம் ஒருத்தி கையில் ஒன்றரை வருடம் இருப்பது அவளுக்கும் தலைவலி, மற்றவர்களுக்கும் தலைவலி, நடுவில் அவள் வீட்டில் ஏதாவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யாராலும் வாய் திறக்க முடியாது. அவரவர் வங்கியில் அவரவர் பெயரில் ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு) போடுங்கள். மாதம் 5,000, பதினைந்து மாதம், வட்டி இல்லாமலே 75,000. கட்டிய ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டை மாதம் ஒரு தடவை குரூப்பில் போட வேண்டும் என்று மட்டும் ஒரு சட்டம். சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் பயணத்தை உயிரோடு வைத்திருந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் தன் பெயரில் தனியாகச் சேர்த்த முதல் பணம் இதுதான் என்றாள் கோவைக்காரி. அது வேறு கதை.

தேதிக்கு வருவோம். எங்கள் வயதில் தேதியை முடிவு செய்வது நாம் இல்லை. மார்ச் என்றால் யார் வீட்டிலாவது பிளஸ் டூ. மே என்றால் கல்யாண சீசன். பொங்கலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாமியார் அடுத்த பொங்கல் வரை சொல்லிக் காட்டுவார். பிறந்தநாள் ஜனவரியின் நான்காவது வாரத்தில் விழுந்தது எங்கள் அதிர்ஷ்டம். பொங்கல் முடிந்திருந்தது, பரீட்சை ஆரம்பிக்கவில்லை. சரியான தேதியில்தான் கொண்டாட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், ஒரு மாதம் முன்னே பின்னே போனால் ஒன்றும் குடி முழுகாது.

ஊரை முடிவு செய்தது அதற்கும் ஆறு மாதம் கழித்து. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்தது (இப்போது அதை 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள்). ஆறு பேருக்கு விசா எடுப்பது என்றால் ஆறு பேருடைய வங்கிக் கணக்கு, வருமான வரிக் காகிதம், போட்டோ என்று அலைய வேண்டும், அதில் ஒருத்திக்கு மட்டும் கிடைக்காமல் போனால் மொத்தமும் போச்சு. கூட்டமாகப் போகிறவர்கள் விசா இல்லாத நாட்டை முதலில் பார்ப்பது அதனால்தான். பினாங்கைத் தேர்ந்தெடுக்க இன்னும் காரணம் உண்டு. ஜனவரியில் அங்கே மழை குறைவு. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் நடந்து சுற்றக்கூடிய அளவு ஊர், 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கடைத்தெருவில் தமிழில் பேசிக் காரியம் நடத்தலாம். முதல்முறை பாஸ்போர்ட்டைத் திறக்கிற இரண்டு பேர் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய தைரியம்.

பாஸ்போர்ட்டும் நம் ஊர் இன்ஷியலும்

ஆறு பேரையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரை டைப் அடித்து அனுப்பினால் வாங்காதீர்கள், படம்தான் வேண்டும். அந்தப் படங்களைப் பார்த்ததில்தான் பெங்களூர்க்காரியின் பாஸ்போர்ட் 2025 மே மாதம் முடிகிறது என்று தெரிந்தது. “நாம போறது ஜனவரி, அப்புறம் என்ன?” என்றாள். நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும், மலேசியா மட்டுமில்லை, பல நாடுகளில் இதுதான் விதி. செக்-இன் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டிப் புதுப்பித்தாள். தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

அடுத்தது பெயர். டிக்கெட் போடும் இடத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், நம்மில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. எங்கள் ஆறு பாஸ்போர்ட்டில் நான்கு விதம் இருந்தது: ஒருத்திக்கு அப்பா பெயர் கடைசியில், ஒருத்திக்குக் கணவர் பெயர், ஒருத்திக்கு இன்ஷியல் விரிந்து முன்னால் வந்திருக்கிறது, மற்றவர்களுக்கு அந்தக் கட்டமே காலி. காலியாக இருந்தால் ஒரு விமானக் கம்பெனி அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும். அந்தந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஆதாரில் என்ன இருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. துபாய் யோசிக்கிறவர்கள் கவனிக்க: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரிலிருந்து அமீரகத்தில் விதி இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருத்தி கூட்டத்தில் இருந்தால் ஊரை முடிவு செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

டிக்கெட் தேடும்போது ஒரு சூட்சுமம். ஆறு பேர் என்று போட்டுத் தேடினால் ஆறு இடமும் ஒரே விலைப் படியில் இருக்க வேண்டும் என்று கணினி பார்க்கும். மலிவான படியில் நான்கு இடம்தான் மிச்சம் என்றால் ஆறு பேருக்கும் அடுத்த படி விலையைக் காட்டும். அதனால் ஆறு, நான்கு, இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் பிரித்து வாங்குங்கள். பிரித்தால் பி.என்.ஆர். என்கிற முன்பதிவு எண் இரண்டாகிவிடும், விமானம் ரத்தானால் இரண்டு தடவை மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தலைக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சத்துக்காக அந்தத் தொல்லை வேண்டாம், ஆயிரத்தைந்நூறு இரண்டாயிரம் என்றால் செய்யலாம்.

நாங்கள் 2024 செப்டம்பரில் கோலாலம்பூர் வழியாக டிக்கெட் போட்டோம். அதன் பிறகு, டிசம்பரில், சென்னையிலிருந்து பினாங்குக்கே நேரடி விமானம் விட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கோலாலம்பூர் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

டூர் கம்பெனியிடம் மொத்தமாகப் பேக்கேஜ் எடுத்தால் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வரித் தொகையைச் சேர்த்துப் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, எவ்வளவு என்று அப்போது கேட்டுக்கொள்ளுங்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம். நாங்கள் பேக்கேஜ் எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு பஸ்ஸில் ஏற்றி நான்கு கடையில் இறக்கிவிடுகிற பயணம் பிறந்தநாளுக்கு எதற்கு?

அறை, ஏ.சி., மாத்திரை

யார் யாருடன் படுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள், ஓட்டல் வரவேற்பறையில் வைத்துப் பேசாதீர்கள். ஆறு பேருக்கு மூன்று அறை. நெருங்கிய தோழிகளை ஒன்றாகப் போடுவதுதான் வழக்கம், நான் ஏ.சி.யை வைத்துப் பிரித்தேன். மெனோபாஸ் நடக்கிற மூன்று பேருக்கு 18 டிகிரியில் வைத்தாலும் வேர்க்கிறது, மற்ற மூன்று பேருக்கு 26-க்குக் கீழே போனால் சளி பிடிக்கிறது. இந்த இரண்டு ஜாதியையும் கலந்தால் மூன்றாவது நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இரண்டு இரண்டாகப் பிரித்ததில் ஒரு அறை மட்டும் கலப்பாகப் போனது, அதில் நான் போர்வை இரண்டு வாங்கிக்கொண்டு படுத்தேன். குறட்டை விடுகிறவர்களை வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஓட்டல் போய்ச் சேர்ந்ததும் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஒரு ராத்திரிக்கு மலேசியப் பணத்தில் 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். மூன்று அறை, ஐந்து ராத்திரி, 150 ரிங்கிட். முன்பதிவில் கட்டிய தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காதீர்கள், மறைத்தால் தேவைப்படுகிற நேரத்தில் பணம் வராது. மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க்கும் கைப்பையில்தான். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பெரிய பெட்டியில். ஆறு பேரும் ஆறு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தோம், இதையும் முன்பே பேசியிருக்கலாம். அங்கே பிளக் நம் ஊர் மாதிரி இல்லை, மூன்று செவ்வகக் கால் உள்ள பிரிட்டிஷ் பிளக். ஒரு அடாப்டரும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இருந்தால் ஓர் அறைக்குப் போதும்.

அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை ஒவ்வொருத்தரும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள். நாங்கள் வீடியோ காலில் உட்கார்ந்து ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் நிரப்பினோம், கண்ணாடி தேடவே இருபது நிமிடம் போனது.

அங்கே போய்ச் செலவு செய்வது

பொதுப் பணப்பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தலைக்கு 500 ரிங்கிட் வாங்கி ஒரு ஜிப் பையில் போட்டோம், மொத்தம் 3,000. அப்போது ரிங்கிட் 19, 20 ரூபாயில் இருந்தது. சாப்பாடு, டாக்ஸி, நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. புடவை, சாக்லேட், மசாஜ் எல்லாம் அவரவர் காசு. பை கோவைக்காரியிடம். கணக்கு எழுதுவதில் அவள் ராட்சசி, ஒரு தே தாரிக் (அந்த ஊர் ஆற்றிய பால் டீ) குடித்தாலும் நோட்டில் ஏறும். செயலியில் கணக்குப் போடலாம் என்று சொல்கிறவர்கள் போடட்டும், “யார் யாருக்குத் தரணும்” என்ற பேச்சே எழாதது பணப்பையில்தான்.

பிறந்தநாள்காரியின் பங்கை யார் கட்டுவது? இது சங்கடமான கேள்வி, அதனால்தான் முதலிலேயே கேட்க வேண்டும். முழுச் செலவையும் மற்றவர்கள் ஏற்பது என்றால் ஆர்.டி. கணக்கில் ஒவ்வொருத்திக்கும் இன்னும் பதினைந்தாயிரம் ஏறும், அதோடு அடுத்த ஐந்து பேருக்கும் அதையே செய்தாக வேண்டும். அவளும் கூச்சத்தில் நெளிவாள். நாங்கள் செய்தது: டிக்கெட் அவளே எடுத்தாள், அறை வாடகையும் பிறந்தநாள் விருந்தும் எங்கள் ஐவர் பங்கு. தலைக்கு எழுபதாயிரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

ஒரு நாளைக்குப் பொதுவான வேலை ஒன்றே ஒன்று. மீதி நேரம் அவரவர் இஷ்டம். இதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐம்பது வயதில் ஆறு பேருக்கும் முழங்கால் ஒரே மாதிரி இருக்காது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி. விடியற்காலையில் மூன்று பேர் ஏறினோம், மற்றவர்கள் கீழே நின்று கும்பிட்டுவிட்டுத் தேநீர் குடித்தார்கள். பினாங்கு மலைக்கு எல்லோரும் போகலாம், 1923-இலிருந்து இழுவை ரயில் ஓடுகிறது, மேலே ஒரு முருகன் கோயிலும் இருக்கிறது. குவீன் தெருவில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் மசூதி, ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் சுவரோவியம், கடலுக்கு மேல் மரக்கால் நட்டுக் கட்டிய சீனர்களின் வீடுகள், எல்லாம் ஒரு காலைப் பொழுதில் ஆற அமரப் பார்க்கலாம். வெளியே கிராப் டாக்ஸியில் ஆறு பேர் வண்டி கேட்டால் வருகிறது.

சாப்பாட்டில் கறிக்காரர்களுக்குக் கவலையே இல்லை. நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்கிறீர்கள், கடைக்காரர் தட்டில் சோற்றைக் குவிக்கிறார், கோழியா மீன் முட்டையா என்று தமிழிலேயே கேட்கிறார், வெண்டைக்காய் ஒன்றை நீளமாக வைக்கிறார். “பஞ்சிர்” என்று சொன்னால் போதும், நான்கைந்து குழம்பிலிருந்து மாறி மாறி ஒரு கரண்டி ஊற்றிச் சோற்றை மூழ்கடித்துவிடுவார், மலாயில் அந்தச் சொல்லுக்கு வெள்ளம் என்று அர்த்தம். காவடி மாதிரிக் கழியில் தொங்கவிட்டுச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த சாப்பாடு இது, கண்டார் என்பது அந்தக் கழிதான். எங்கள் கூட்டத்தின் ஒரே சைவக்காரி பாடு வேறு. சீன, மலாய்க் கடைகளில் காய்கறி என்று கேட்டால் காய்கறிதான் தருவார்கள், ஆனால் அதை வதக்கியது பெலச்சான் என்ற இறால் விழுதில் இருக்கும். லக்சா என்ற நூடுல்ஸ் சூப்பில் மீன். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் அறை எடுத்ததே அவளுக்காகத்தான், அங்கே சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. சைவக்காரரை வைத்து அறையைத் தேர்ந்தெடுங்கள், மற்றவர்கள் எங்கே போயும் தின்றுகொள்வார்கள்.

அந்த ராத்திரி

பிறந்தநாள் எது என்பதிலேயே எங்களுக்குக் குழப்பம். அவளுடைய பாஸ்போர்ட்டில் மே மாதம் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிரம்பவில்லை என்று வாத்தியார் எழுதிக் கொடுத்த தேதி அது. உண்மையான நாள் ஜனவரி. நம் தலைமுறையில் வீட்டுக்கு ஒருத்தராவது இப்படி இருப்போம். டிக்கெட், காப்பீடு, வருகை அட்டை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் தேதியைத்தான் போட வேண்டும். அதன் பலன், தங்கியிருந்த ஓட்டலில் பிறந்தநாளுக்கு இலவச கேக் உண்டு என்றார்களே என்று கேட்டால், வரவேற்பில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு “மே மாதம் வாருங்கள் ஆன்ட்டி” என்று சிரித்தாள். கேக்கை வெளியில் முட்டையில்லாமல் சொல்லி வைத்து வாங்கினோம், சைவக்காரி தின்ன வேண்டுமே.

மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே பன்னிரண்டு அடித்தபோது சென்னையில் ஒன்பதரை. நாங்கள் கேக் வெட்டி, ஹாஸ்டல் காலத்துப் பாட்டெல்லாம் பாடி, பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டி, ஒரு மணிக்குப் படுத்தோம். இரண்டரைக்கு அவள் வீட்டிலிருந்து போன். நம் ஊரில் அப்போதுதான் பன்னிரண்டு! கணவர், இரண்டு பிள்ளைகள், நாத்தனார், பெரியம்மா என்று வரிசையாக. தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, கேக் கிரீம் ஒட்டிய நைட்டியோடு, ஒவ்வொருத்தருக்கும் “ஆமா, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்” என்று அவள் சொல்லி முடித்தபோது மூன்றரை. எந்த நேரத்தில் கூப்பிடுவது என்பதை வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள்.

பரிசுப் பொருள் எதுவும் வாங்காதீர்கள், பெட்டி எடை தாங்காது. நாங்கள் விடுதிக் காலத்துப் படங்கள் பத்தைப் பிரின்ட் போட்டு எடுத்துப் போயிருந்தோம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒருத்தி ஏதாவது எழுதியிருந்தாள். ஒரு படத்தில் அவள் ஈரத் தலையோடு விடுதி மொட்டை மாடியில் நிற்கிறாள், கையில் வாளி. அதை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து இரண்டு நாளுக்குள் கணக்கை அனுப்பிவிடுங்கள். கோவைக்காரி நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள். பையில் மீதி 86 ரிங்கிட். அதை மாற்ற வேண்டாம், அவளே வைத்திருக்கட்டும் என்றோம். அடுத்து ஐம்பது ஆகப் போவது அவளுக்குத்தான், ஆர்.டி. ஸ்கிரீன்ஷாட் வரத் தொடங்கிவிட்டது.